நாடாவில் வந்த யூனிக்ஸ்: பெர்க்லி பல்கலைக்கழகம் கட்டற்ற மென்பொருளுக்கு வந்து சேர்ந்த கதை

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1974-இல் ஒரு பிடிபி-11/45 கணினி இருந்தது. கணினியியல், கணிதம், புள்ளியியல் என மூன்று துறைகள் பங்கு போட்டு வாங்கிய கணினி அது. கணிதத்துக்கும் புள்ளியியலுக்கும் கணினியை விற்ற டிஜிட்டல் நிறுவனத்தின் ஆர்எஸ்டிஎஸ் இயங்குதளமே போதும். கணினியியல் துறைக்கோ அந்த ஜனவரியில் பெல் ஆய்வகத்திலிருந்து காந்த நாடாவில் வந்திறங்கிய யூனிக்ஸ் வேண்டும். ஒரே கணினியில் இரண்டும் ஒருசேர ஓடாது என்பதால் முறை வைத்துக்கொண்டார்கள். நாளில் 16 மணி நேரம் ஆர்எஸ்டிஎஸ், மீதி 8 மணி நேரம் யூனிக்ஸ். அந்த எட்டு மணி நேரமும் நிலையாக இல்லை. ஒரு நாள் காலை 8 முதல் மாலை 4 வரை, மறுநாள் மாலை 4 முதல் நள்ளிரவு வரை, அதற்கும் மறுநாள் நள்ளிரவு முதல் காலை 8 வரை. இவ்வளவு கோணலான அட்டவணைக்கு நடுவிலும் இயங்குதளப் பாடம் எடுத்த மாணவர்கள் தங்கள் செய்முறை வேலைகளை யூனிக்ஸில் செய்யவே விரும்பினார்கள். பல்கலைக்கழகங்களில் கட்டற்ற மென்பொருள் பரவிய வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் லினக்ஸிலிருந்தோ, உரிமக் கட்டணத்தில் எத்தனை லட்சம் மிச்சமாயிற்று என்பதிலிருந்தோ தொடங்குகிறார்கள். இந்த அட்டவணையிலிருந்து தொடங்குவதே சரி என்று நினைக்கிறேன். நள்ளிரவில் கணினி அறைக்கு வந்த மாணவன் காசை மிச்சம் பிடிக்க வரவில்லை. யூனிக்ஸ் நாடாவில் இயங்கும் நிரலோடு மூல நிரலும் இருந்தது. அதைத் திறந்து படிக்கலாம், மாற்றலாம், மாற்றியது ஓடுகிறதா என்று அன்றிரவே பார்த்துவிடலாம். ஒரு பல்கலைக்கழகம் கட்டற்ற மென்பொருளைத் தனதாக்கிக்கொண்டதா என்பதற்கு எத்தனை கணினிகளில் அது நிறுவப்பட்டிருக்கிறது என்ற கணக்கு அளவுகோலாகாது. எத்தனை பேர் அதைப் படித்தார்கள், திருத்தினார்கள், திருத்தியதை வெளியே அனுப்பினார்கள் என்பதே அளவுகோல். பெர்க்லியின் இருபதாண்டு வரலாறு இதற்குச் சாட்சி சொல்கிறது.

மூல நிரல் ஏன் நாடாவில் வந்தது? யாருடைய பெருந்தன்மையாலும் இல்லை. தொலைபேசித் துறையில் ஏகபோகமாக இருந்த ஏடி அண்டு டி நிறுவனம், 1956-இல் அமெரிக்க அரசோடு செய்துகொண்ட நீதிமன்ற உடன்பாட்டின்படி, தகவல் தொடர்புக்கு வெளியே வணிகம் செய்யக் கூடாது. அதன் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய யூனிக்ஸை அந்த நிறுவனத்தால் ஒரு சரக்காக விற்க முடியவில்லை. கேட்ட பல்கலைக்கழகங்களுக்குப் பெயரளவுக் கட்டணத்தில் உரிமம் கொடுத்து நாடாவை அனுப்பிவிட்டார்கள். ஆதரவுச் சேவை கிடையாது, பிழை திருத்தித் தரும் பொறுப்பும் கிடையாது. இந்தக் கைவிரிப்புதான் பின்னால் நல்லதாய் முடிந்தது. பழுது பார்க்க ஆள் வரமாட்டார் என்றால் கையில் மூல நிரல் இருப்பவன் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பெர்க்லியில் யூனிக்ஸை நிறுவியவர் கீத் ஸ்டாண்டிஃபோர்டு என்ற பட்ட மேற்படிப்பு மாணவர். தொடக்கத்தில் அது அடிக்கடி முடங்கியது. அங்கே இருந்ததோ நொடிக்கு 300 பிட் வேகத்தில், தொலைபேசிக் கைப்பிடியைச் செருகி வைத்துப் பயன்படுத்தும் மோடம். அழைப்பைத் தானே எடுக்கத் தெரியாதது. நியூஜெர்சியிலிருந்து தாம்சன் கணினி அறைக்குத் தொலைபேசியில் அழைப்பார். ஸ்டாண்டிஃபோர்டு எடுத்துப் பேசிவிட்டுக் கைப்பிடியை மோடத்தில் செருகுவார். கண்டத்தின் மறுகோடியில் உட்கார்ந்துகொண்டு தாம்சன் முடங்கிய கணினியின் நினைவகப் பதிவைப் படித்துப் பிழையைத் தேடுவார். ஒரே கட்டுப்படுத்தியில் இரண்டு வட்டுகளை மாட்டிய கணினிகளில் பெர்க்லியினுடையது மிக ஆரம்பகாலத்தது. முடக்கங்கள் பலவற்றுக்கு அதுவே காரணம் என்று தெரியவந்தது. விற்பவர், வாங்குபவர் என்ற உறவில் இப்படி ஒரு தேடல் நடந்திருக்காது. ஒரே நிரலைப் படிக்கும் இரண்டு வாசகர்களுக்கிடையே நடந்தது.

1975-இல் தாம்சன் ஓராண்டு விடுப்பில், தான் படித்த பெர்க்லிக்கே ஆசிரியராக வந்தார். அதே ஆண்டு பில் ஜாய், சக் ஹேலி என்ற இரு மாணவர்கள் சேர்ந்தார்கள். தாம்சன் பாதியில் விட்டுவைத்திருந்த பாஸ்கல் மொழிச் செயலியை எடுத்துச் சீராக்கினார்கள். பழைய வரித்தொகுப்பி போதவில்லை என்று எக்ஸ் என்ற புதிய தொகுப்பியை எழுதினார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாகக் கொடுப்பது தொல்லையாகவே, 1978-இன் தொடக்கத்தில் ஜாய் எல்லாவற்றையும் ஒரு நாடாவில் சேர்த்து, பெர்க்லி மென்பொருள் தொகுப்பு என்று பெயரிட்டு அனுப்பத் தொடங்கினார். பிஎஸ்டி என்று இன்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். முதல் தொகுப்பு ஏறக்குறைய 30 பிரதிகள் போயிற்று. வாங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. பிழைகளையும் யோசனைகளையும் திருப்பி அனுப்பினார்கள். அவற்றைச் சேர்த்துச் செய்த இரண்டாம் தொகுப்பு 75 பிரதிகளைத் தொட்டது. சேவையகங்களில் வேலை பார்ப்பவர்கள் இன்றும் விரல் நுனியில் வைத்திருக்கும் விஐ தொகுப்பி அதில் இருந்தது. பிறகு பெரிய வாக்ஸ் கணினி வந்தது. ஓசால்ப் பாபாவோக்லு என்ற மாணவரின் உழைப்பில் மெய்நிகர் நினைவகம் யூனிக்ஸுக்குள் நுழைந்து, 1979 டிசம்பரில் மூன்றாம் தொகுப்பு வெளிவந்தது. அதைக் காட்டித்தான் பேராசிரியர் பாப் ஃபேப்ரி, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்ப்பாவிடம் நிதி கேட்டார். 1980 ஏப்ரலில் ஒப்பந்தம் தொடங்கியது. அதன் விளைவாக டிசிபி/ஐபி நெறிமுறைகளோடு 1983 ஆகஸ்டில் வெளிவந்த 4.2 பிஎஸ்டி, பதினெட்டே மாதங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. இணையத்தின் நெறிமுறைகள் பல்கலைக்கழகங்களுக்குப் பரவிய முதன்மையான வழி ஒரு பல்கலைக்கழகத் துறை அனுப்பிய நாடா.

இதைக் கட்டற்ற மென்பொருள் என்று எப்படிச் சொல்லலாம், ஏடி அண்டு டி உரிமம் வாங்காமல் யாரும் பெர்க்லி நாடாவைத் தொட முடியாதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1980-களின் பிற்பகுதி வரை பெர்க்லி கொடுத்தது உரிமம் உள்ளவர்களின் வட்டத்துக்குள் சுற்றிய நிரல்தான். அந்த வட்டம் எவ்வளவு சுலபமாக மூடிக்கொள்ளும் என்பதை ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்து ஜான் லயன்ஸின் அனுபவம் காட்டுகிறது. அவர் 1976–77-இல் யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கருவை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, வரி எண்ணிட்டு ஒரு புத்தகமாகவும், அதற்கு உரையை இன்னொரு புத்தகமாகவும் தம் மாணவர்களுக்காகத் தொகுத்தார். ஓர் இயங்குதளக் கருவின் மூலத்தையும் உரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடம் சொல்வது அதுவரை கேள்விப்படாத காரியம். 1979-இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமமோ, மூல நிரலை வகுப்பறையில் பாடமாக வைப்பதைத் தடுத்தது. அதற்குப் பிறகு லயன்ஸின் உரை, நம் ஊரில் ஏடு பெயர்த்தெழுதியதைப் போல, நகலிலிருந்து நகலாகக் கைமாறிக்கொண்டிருந்தது. முறைப்படி அச்சேறியது 1996-இல்தான். ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டானன்பாம் இந்தத் தடைக்கு வேறு வழி கண்டார். பாடம் நடத்த நிரல் இல்லையென்றால் நாமே எழுதுவோம் என்று மினிக்ஸை எழுதி, அதன் பெரும்பகுதியை 1987-இல் தம் பாடநூலிலேயே அச்சிட்டார். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தப் பாடநூலைப் படித்து, 1991-இல் லினக்ஸைத் தொடங்கினார். லயன்ஸ், டானன்பாம், டோர்வால்ட்ஸ் மூவரையும் கோத்துப் பார்த்தால், உரிமம் வாசிப்பைத் தடுத்த ஒவ்வொரு இடத்திலும் பல்கலைக்கழகம் புதிதாக ஒன்றை எழுதியே தப்பித்திருக்கிறது.

பெர்க்லியும் அதையே செய்தது. ஆனால் அங்கே நடந்த விதம் இன்னும் சுவையானது. 1984-இல் ஏடி அண்டு டி உடைக்கப்பட்டபோது பழைய வணிகத் தடையும் போயிற்று. யூனிக்ஸ் இப்போது விற்பனைச் சரக்கு. மூல நிரல் உரிமத்தின் விலை ஏறிக்கொண்டே போனது. பெர்க்லியே எழுதிய வலையமைப்பு நிரலை மட்டும் பயன்படுத்த விரும்பிய சிறு நிறுவனங்கள்கூட அந்த விலையைக் கொடுக்க வேண்டியிருந்தது. அவர்கள் கேட்டதன் பேரில் அந்தப் பகுதியை மட்டும் பிரித்து 1989 ஜூனில் வெளியிட்டார்கள். நாடாவின் விலை 1,000 டாலர். வாங்கியவர் யாருக்கு வேண்டுமானாலும் இலவசமாகக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். பதிப்புரிமைக் குறிப்பையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் நீக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. இணையத்தில் சும்மா எடுத்துக்கொள்ள முடிந்தும் நூற்றுக்கணக்கான அமைப்புகள் காசு கொடுத்து நாடா வாங்கின. மிச்சத்தையும் ஏன் இப்படித் திறந்துவிடக் கூடாது என்று இந்த நாடாக்களை வெளியிட்ட பெர்க்லி ஆய்வுக் குழுவின் கீத் பாஸ்டிக் கேட்டார். நூற்றுக்கணக்கான கருவிகளையும் பெரிய சி நூலகத்தையும் முதலிலிருந்து எழுத வேண்டுமே என்று சகாக்கள் மைக் கேரல்ஸும் கிர்க் மக்கூசிக்கும் சொன்னார்கள், பேச்சு அதோடு முடியும் என்ற நினைப்பில். பாஸ்டிக் முடிக்கவில்லை. கருத்தரங்குகளிலும் வலையிலும் ஆள் திரட்டினார். ஏடி அண்டு டி நிரலைப் பார்க்காமல், வெளியான கையேட்டு விளக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு எழுத வேண்டும் என்பது விதி. எழுதியவருக்குக் கிடைப்பது, பங்களித்தோர் பட்டியலில் அந்தக் கருவிக்குப் பக்கத்தில் அவர் பெயர். முதலில் சில்லறைக் கருவிகள்தான் வந்தன. பட்டியல் நீள நீள வேகம் பிடித்தது. பதினெட்டு மாதங்களில் முக்கியமானவை ஏறக்குறைய எல்லாம் முடிந்துவிட, கருவை நீங்கள் எப்போது முடிப்பீர்கள் என்று பட்டியலோடு சகாக்களின் அறைக்குப் போய் நின்றார் பாஸ்டிக்.

மூவரும் மாதக்கணக்கில் உட்கார்ந்து கருவின் கோப்புகளை ஒவ்வொன்றாகச் சலித்தார்கள். உடனே மாற்றி எழுத முடியாமல் ஆறே கோப்புகள் எஞ்சின. அவற்றை விட்டுவிட்டு மற்றதை 1991 ஜூனில் வெளியிட்டார்கள். ஒரு முழு இயங்குதளத்தை நெருங்கிய அந்த வெளியீட்டுக்கு வலையமைப்பு வெளியீடு-2 என்று பெயர். புதுப் பெயர் வைத்தால் பல்கலைக்கழக வழக்கறிஞர்களிடம் புது ஒப்புதல் வாங்க அலைய வேண்டும். ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற ஒன்றின் மறுபதிப்பு என்றால் கோப்பு தானாக நகரும். பல்கலைக்கழக அலுவலகங்களோடு பழகிய யாருக்கும் இந்த உத்தியை விளக்கத் தேவையில்லை. விடுபட்ட ஆறு கோப்புகளையும் பில் ஜோலிட்ஸ் எழுதிச் சேர்க்க, சாதாரண கணினியில் ஓடும் 386பிஎஸ்டி 1992-இல் வந்தது. அதே அடிப்படையில் பிஎஸ்டிஐ என்ற நிறுவனம் வணிகப் பதிப்பை விற்கவே, ஏடி அண்டு டியின் துணை நிறுவனமான யூனிக்ஸ் சிஸ்டம் லேபரட்டரீஸ் வழக்குப் போட்டது. பல்கலைக்கழகத்தையும் பிரதிவாதியாகச் சேர்த்தது. இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. பல்கலைக்கழகம் திருப்பி வழக்குப் போட்டது: எங்கள் நிரலை உங்கள் பதிப்பில் சேர்த்துக்கொண்டு உரிமம் சொல்கிற பெயர்க் குறிப்பைப் போடவில்லையே என்று. 1994-இன் தொடக்கத்தில் சமரசமானது. ஏறக்குறைய 18,000 கோப்புகளில் நீக்க வேண்டியிருந்தவை மூன்று. 70 கோப்புகள் அளவில் பதிப்புரிமை வரி சேர்க்கப்பட்டது. வேறு சில சிறு மாற்றங்கள். இவ்வளவுக்கும் இரண்டு ஆண்டு வழக்கு. அந்த இரண்டு ஆண்டில் வழக்கு நிழல் படாத லினக்ஸ் முந்திக்கொண்டது. தான் தொடங்கியபோது 386பிஎஸ்டி கிடைத்திருந்தால் லினக்ஸ் பிறந்திருக்காது என்ற பொருளில் டோர்வால்ட்ஸே பின்னால் சொல்லியிருக்கிறார்.

பெர்க்லியின் கதையைக் கேட்டவர்கள் சொல்லும் மறுப்புகளில் வலுவானது, அது பணக்காரப் பல்கலைக்கழகத்தின் கதை என்பது. டார்ப்பாவின் பணம், வாக்ஸ் கணினி, பில் ஜாய் போன்ற ஒருவர், நேரில் வந்து பாடம் எடுத்த தாம்சன்: இதெல்லாம் எந்த ஊரில் கிடைக்கும்? பாதி உண்மை. ஆனால் காலவரிசையைப் பாருங்கள். நிதி வந்தது 1980-இல். அதற்கு முன் ஆறு ஆண்டுகள் பகிர்ந்துகொண்ட கணினியிலும், எட்டு மணி நேர முறையிலும், செருகு மோடத்திலும் வேலை நடந்திருந்தது. அந்த வேலையைப் பார்த்துத்தான் நிதி வந்தது. கருவிகளை மறுபடி எழுதியவர்களோ பெரும்பாலும் பெர்க்லிக்காரர்களே இல்லை, சம்பளமும் வாங்கவில்லை.

பராமரிப்பு பற்றிய மறுப்பை நான் இன்னும் தீவிரமாக எடுத்துக்கொள்வேன். மாணவர்கள் படிப்பு முடிந்து போய்விடுவார்கள், பேராசிரியருக்கு ஆய்வுக் கட்டுரை முக்கியம். எழுதிய நிரலை யார் காப்பாற்றுவது? பெர்க்லியின் குழுவே 1995-இல் கடைசித் தொகுப்பை வெளியிட்டுக் கலைந்தது. அதே வளாகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986-இல் தொடங்கிய போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத் திட்டமும், பராமரிப்பு வேலை ஆய்வு நேரத்தைத் தின்கிறது என்று பதிப்பு 4.2-ஓடு மூடப்பட்டது. ஆகவே பல்கலைக்கழகம் ஒரு மென்பொருளை நிரந்தரமாகத் தாங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் மூடியபின் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உரிமம் தாராளமாக இருந்ததால் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரு மாணவர்கள் போஸ்ட்கிரெஸை எடுத்து எஸ்க்யூஎல் மொழியைச் சேர்த்து 1995-இல் வலையில் விட்டார்கள். வெளியாட்கள் பொறுப்பேற்று, 1996-இல் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்று பெயர் மாற்றி, இன்றுவரை வளர்த்துவருகிறார்கள். பிஎஸ்டியை ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி குழுக்கள் 1993-லேயே ஏற்றுக்கொண்டிருந்தன. திட்டம் செத்தது, நிரல் சாகவில்லை. மூடிய உரிமத்தில் இருந்த எத்தனையோ பல்கலைக்கழக மென்பொருள்களுக்கு இந்த இரண்டாம் வாழ்வு கிடைக்கவில்லை.

வேலைச் சந்தையில் எது ஓடுகிறதோ அதைத்தானே கற்பிக்க வேண்டும் என்பது நம் ஊரில் அதிகம் கேட்கும் மறுப்பு. 1974-இல் சந்தையில் ஓடியது யூனிக்ஸ் இல்லை. பெர்க்லி சந்தையைப் பார்த்திருந்தால் நாடாவைத் திருப்பி அனுப்பியிருக்கும். எட்டு ஆண்டுகளில் ஜாய் போய்ச் சேர்ந்த சன் நிறுவனம் முதல் பல கணினி நிறுவனங்கள் பெர்க்லி யூனிக்ஸைத்தான் விற்றன. இன்று உலகின் முதல் 500 மீக்கணினிகளும் 2017 நவம்பரிலிருந்து லினக்ஸில் ஓடுகின்றன. கட்டடப் பொறியியல் மாணவனுக்கு ஆட்டோகேடும், வணிகவியல் மாணவனுக்கு டேலியும் தெரிந்திருக்க வேண்டும் என்பதை மறுக்கவில்லை. அவற்றுக்கு இன்றும் ஈடான கட்டற்ற மாற்று இருப்பதாக நான் சொல்லமாட்டேன். கணினி அறிவியல் துறைக்கு அந்தச் சாக்கு கிடையாது.

தமிழ்நாட்டுக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 2005-இல் மத்தியத் தகவல் தொழில்நுட்பத் துறையின் நிதியோடு, கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைச் சென்னை சி-டாக்கும், குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் சேர்ந்து நடத்தத் தொடங்கின. அந்த மையத்தின் முயற்சியில், டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸ் 2007-இல் வந்தது. அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் பாடத்திட்டத்தில் கட்டற்ற மென்பொருள் விருப்பப் பாடமாயிற்று. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் பாஸை மாணவர்களின் கைக்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. எண்ணிக்கையில் பெர்க்லி கனவிலும் காணாத பரவல். என் அளவுகோலில் அது இன்னும் பாதி வேலை. நிறுவிக் கொடுப்பதோடு நின்ற மென்பொருளை மாணவன் அழித்துவிட்டு வேறொன்றைப் போட்டுக்கொள்ள அரை மணி நேரம் போதும். தான் திருத்திய மென்பொருளை அப்படி விடமாட்டான். ஐஐடி பம்பாயின் ஃபோசி திட்டம் பெர்க்லியின் வழிக்கு அருகில் வருகிறது. பொறியியல் பாடநூல்களில் தீர்த்துக் காட்டிய கணக்குகளை மாணவர்கள் சைலாப் என்ற கட்டற்ற கணிப்பு மென்பொருளில் நிரலாக எழுதி அனுப்புகிறார்கள். சரிபார்த்தபின் அது எல்லோருக்கும் பொதுவாகக் கிடைக்கிறது. எழுதியவருக்கு மதிப்பூதியமும் சான்றிதழும் உண்டு. எந்தக் கல்லூரியில் படிப்பவரும் இதில் சேரலாம்.

பாடத்திட்டக் குழுக்களில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டற்ற மென்பொருள் ஆய்வகத் தேர்வில் லினக்ஸை நிறுவிக் காட்டுவதற்கும் நான்கு ஷெல் கட்டளைகளை எழுதுவதற்கும் இப்போது தரும் மதிப்பெண்ணில் பாதியை எடுத்து, உயிரோடு இருக்கும் ஏதாவதொரு திட்டத்துக்கு மாணவர் அனுப்பி அங்கே ஏற்கப்பட்ட ஒரு திருத்தத்துக்குக் கொடுங்கள். கையேட்டில் ஒரு வரியைச் சரிசெய்ததாக இருந்தாலும் போதும். இதற்குப் புதிய கணினியும் வேண்டாம், தனி நிதியும் வேண்டாம். அடுத்த பாடத்திட்டத் திருத்தத்திலேயே செய்துவிடலாம்.